மகிழின் கீழ்ச் சூளும் கழிவிரக்கமும்



மக்களுயிர்க்கு உண்டாகும் துன்பங்களுள், பிறரால் வருவனவற்றை ஒருவாறு பொறுத்தல் கூடும். நோயால் வருவனவற்றையும் மருந்தாலும் காலத்தாலும் ஆற்றுதல் கூடும். தாமே விரும்பித் தாமே தெரிந்துகொண்ட ஒன்று, பின்னர்த் தம்மையே சுடுங்கால் உண்டாகும் துன்பமோ அவற்றின் வேறானது. கழிந்ததற்கு இரங்கும் அத்துன்பத்தையே கழிவிரக்கம் என்பர். அவா முன்னே நடக்கும். கழிவிரக்கம் அதன் அடிச்சுவடு பற்றிப் பின்னே வரும். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது நம் தெரிவு. இம்மூன்றன் இயல்பினையும் சித்தாந்த நெறி நின்று சிறிது ஆராயப் புகுகின்றோம். அதற்கு நிலைக்களனாக யாம் கொள்வது, ஆளுடைய நம்பிகள் திருவொற்றியூரிற் செய்த சூளின் வரலாறாம்.

அடியார் வரலாற்றிற் குற்றங்காண்டல் எம் கருத்தன்று. நம்பிகள் திருக்கயிலையில் இறைவனுக்கு அணுக்கத்தொண்டு புரிந்தவர். இறைவனால் தோழமை தரப்பெற்றவர். அவர்பால் நிகழ்ந்தவை யாவும் உலகுய்யும் பொருட்டு நிகழ்ந்த அருட்செயல்களே. எனினும், அவை உலகுய்யும் பொருட்டு நிகழ்ந்தன என்று கொள்வோமாயின், அவற்றால் நாம் உய்யுமாறு யாது என்று வினவுதலும் நமக்குக் கடமையாகின்றது. வினவாது வணங்கி மாத்திரம் அமைவோமாயின், 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அவற்றை அத்துணை விரிவாக அருளியதன் பயனை நாம் முழுதும் பெற்றவராகோம்.

திருக்கயிலையில் மலர் கொய்யச் சென்ற ஆலாலசுந்தரர், அங்கே உமையம்மையாரின் சேடியராகிய கமலினியார், அநிந்திதையார் என்னும் இருவர்மேலும் மனம் வைத்தார். அவ்வவாவினை நுகர்ந்து கழித்தற்பொருட்டுத் தென்றிசையிற் பிறக்குமாறு இறைவன் பணித்தான். அடிகளைப் பிரிதற்கு அஞ்சிய அவர், உலகில் மயங்கும்பொழுது வந்து தடுத்தாண்டருள வேண்டும் என்று இரந்துகொண்டார். கமலினியார் திருவாரூரிற் பரவையாராயும், அநிந்திதையார் ஞாயிறு என்னும் ஊரிற் சங்கிலியாராயும் தோன்றினர். திருநாவலூரில் அவதரித்த நம்பிகள், திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பெற்று, ஆரூரிற் பரவையாரை மணந்து வாழ்ந்திருந்தார். பின்னர்த் தலயாத்திரையில் ஒற்றியூரை அடைந்தபொழுது, திருக்கோயிலில் இறைவனுக்கு மாலை தொடுக்கும் திருப்பணியில் நின்ற சங்கிலியாரைக் கண்டார். கண்டவுடன் அவா எழுந்தது. இறைவனிடமே சென்று அவரைத் தமக்குத் தரவேண்டினார்.

இறைவன் சங்கிலியார் கனவிற் சென்று இசைவு கேட்டான். அவர் ஐயுற்றது தக்கதே. ஆரூரில் ஒரு மனையறம் உடையவர் ஈண்டுத் தங்குவரோ என்பது அவர் கவலை. பிரியேன் என்று நம்பி சூளுறுவான் என இறைவன் தேற்றினான். நம்பிகட்கும் அதனை அறிவித்தான். அப்பொழுது நம்பிகள் தோழரிடம் ஒன்று வேண்டினார். தாம் சூளுறும்பொருட்டுத் திருமுன்னர் வரும்பொழுது, இறைவன் அவ்விடத்தை நீங்கிக் கோயிலிலுள்ள மகிழ மரத்தின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்பதே அது. இறைவன் உடன்பட்டான். உடன்பட்டு, மகிழின்கீழ்ச் சூள் பெறுமாறு சங்கிலியார்க்கும் உணர்த்தினான். மறுநாட் காலை, திருமுன்னர்ச் சூளுற முற்பட்ட நம்பிகளைச் சங்கிலியாரின் தோழியர் தடுத்து, மகிழின்கீழ்ச் செய்தல் போதும் என்றனர். மறுத்தற்கு வழியின்றி, இறைவன் வீற்றிருந்த அவ்விடத்திலேயே நம்பிகள் சூள் செய்தார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் பலர் இதனை இறைவன் தோழனோடு ஆடிய விளையாட்டென நகைத்துக் கடந்துவிடுவர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே கடந்தோம். உற்றுநோக்கின், மக்களது தெரிவின் உள்ளியல்பு முழுவதும் இங்கே வெளிப்படக் காணலாம். நம்பிகள் சங்கிலியாரை விழைந்தார். அதனோடு ஆரூரையும் விடாதிருக்க விழைந்தார். சூளின்றிச் சங்கிலியார் கிடையார். சூளுற்றால் ஆரூர் கிடையாது. ஆகவே, சூள் நிகழவும் வேண்டும், அது தம்மைக் கட்டாதிருக்கவும் வேண்டும் என்று ஒரு வழி தேடினார். பொருளைக் கொள்வேன், விலையைக் கொடேன் என்பதே அவாவின் மொழி. ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் பிறிதொன்றை விடுதலாம் என்பதனை அவா ஒருபொழுதும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால், நம் வாக்குறுதிகளிற் பல, சாட்சியை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டுச் செய்யப்படுவனவாகவே உள்ளன. சாட்சியோ நாம் அனுப்பிய இடத்திலேயே நமக்கு முன் வந்து இருக்கின்றது.

இதனை யாம் நூலறிவால் உணர்ந்தேமல்லேம். எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றால் உணர்ந்தேம். தன்வரலாறு கூறுதல் இவ்விதழ்க்கு ஏலாதெனினும், பிறர்க்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் அதனைச் சுருங்கக் கூறுகின்றோம்.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் இருந்தார். இளமையில் முறையாகப் பாடங்கேட்டவர். பெருஞ்செல்வமோ பட்டமோ இல்லாதவர். எமக்குச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களையும் சிற்றுரையோடு பாடஞ்சொன்னவர் அவரே. மாதவச் சிவஞான முனிவரர் அருளிய மாபாடியத்தையும் எமக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பது அவர் அவா. அதற்குச் சில திங்கள் அவருடன் தங்குதல் வேண்டும். யாம் அப்பொழுது அலுவலில் இருந்தேம். பதவியுயர்வுக்குரிய தேர்வு ஒன்று எதிரே இருந்தது. ஊரில் வீடு கட்டும் வேலையும் தொடங்கியிருந்தது. 1974-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கண் மங்கி வருகின்றது என்றும், எழுத்துத் தெரியும்பொழுதே வந்து கேட்டுக்கொள்ளுதல் நலம் என்றும் எழுதியிருந்தார்.

தை பிறந்ததும் வருகின்றேம் என்று மறுமொழி எழுதினேம். எழுதும்பொழுதே, தையில் வீட்டுப் புகுவிழா வைத்திருந்ததனை யாம் அறிவேம். அவர் உள்ளம் நோதல் கூடாது, எம் வேலையும் தடைப்படல் கூடாது என்று எண்ணி அவ்வாறு எழுதினேம். தை சென்றது, மாசியும் சென்றது. பங்குனியில் அவர் இறைவன் திருவடி நீழல் எய்தினார் என்னும் செய்தி வந்தது. பதினாறாம் நாளன்று சென்றேம். அவர் மகனார் எம்மை உள்ளே அழைத்துப் பலகையொன்றைக் காட்டினார். அதன்மேல் மாபாடியப் புத்தகம் இருந்தது. முதல் ஏட்டில் ஒரு தாள் செருகியிருந்தது. அதில் எம் பெயர் இருந்தது. தை முதல்நாள் தொட்டு அஃது அங்கேயே இருந்ததாக மகனார் கூறினார். எம்மைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின் ஏறக்குறைய இருபதாண்டுகள் எம் நெஞ்சு அப்பலகையையே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று சென்றிருந்தால், அன்று சென்றிருந்தால் என்று பலகால் எண்ணி வருந்தினேம். இவ்வருத்தத்தை யாமே ஒரு தவமாகவும் மதித்திருந்தேம். ஒருநாள் இரவு அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபொழுது, யாம் எண்ணுவது யாது என்று எம்மையே வினவினேம். அன்று சென்றிருந்தால் மாபாடியம் வல்லவராகியிருப்பேம், அவைகளில் விளங்கியிருப்பேம், ஆதீனங்களில் எம்மை மதித்திருப்பர். எம் எண்ணம் இவ்வாறே சென்றுகொண்டிருந்தது. அதன்கண் அம்முதியவரின் மங்கிய கண்கள் எங்கும் இல்லை. எம் பொய்ம்மொழியும் இல்லை. எம் புகழ் ஒன்றே இருந்தது. நாணம் எம்மைச் சுட்டது. கழிவிரக்கம் என்று யாம் போற்றிவந்தது, பின்னோக்கித் திரும்பிய அவாவேயாதலை அன்றே அறிந்தேம்.

இஃதே இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விழைவது. வருவதனை விழைதல் ஒன்றே அவாவென நினைக்கின்றோம். வாராது போனதனை விழைதலும் அவாவே. முன்னையதாவது முயற்சிக்கு இடந்தரும். பின்னையதோ, கையிற் கொள்ளவும் இயலாது, விட்டொழிக்கவும் மனம் வாராது, உயிரை ஓரிடத்திலேயே கட்டிவைக்கும். கண்ணீர் உடைமையால் அது தூய்மையுடையதுபோலத் தோன்றும். ஆயினும், யான் எனது என்னும் செருக்கு அதனுள்ளும் குறைவின்றி இருத்தல் கூடும்.

இனி, நூல்வழி இதனை நோக்குவோம். ஆணவத்தால் மறைப்புண்டு ஏதும் அறியாது, ஏதும் விழையாது, ஏதும் செய்யாது கிடந்த உயிர்க்கு, இறைவன் மாயையினின்றும் கருவிகளைத் தருகின்றான். முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியாதத்துவம் ஏழு. அவற்றுட் கலை உயிரின் செயலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் இச்சையையும் எழுப்புவன. எனவே, விழையும் ஆற்றல் அராகத்தின் வாயிலாக இறைவனால் எழுப்பப்படுவதென்பது நம் துணிபு. அதனை வேரோடு அழித்தல் சித்தாந்தத்தின் நோக்கமாகாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது; இச்சை சாரும் பொருளை மாற்றுதலே நோக்கம். திருவள்ளுவனாரும், துறவும் மெய்யுணர்தலும் கூறிய பின்னரே, 37-ஆம் அதிகாரமாக அவாவறுத்தலை வைத்தார். மெய்ப்பொருளைப் பற்றியதன் பின்னரே ஏனைப் பற்றுக்கள் கழலும் என்பது அவ்வைப்பு முறையால் நமக்குப் பெறப்படுகின்றது.

அற்றேல், எல்லாம் வினைவழி நிகழ்வனவாயின் நமக்குத் தெரிவென ஒன்று உண்டோ, தெரிவின்றேல் இரங்குதற்குத்தான் இடம் யாது என்பார்க்கு, யாம் கூறுவது இது. பிராரத்தவினை ஊட்டுவது இன்பதுன்ப நுகர்ச்சியை. அந்நுகர்ச்சிக்கண் உயிர் கொள்ளும் விருப்பு வெறுப்புக்களும், அவைபற்றி எழும் எண்ணமும் சொல்லும் செயலுமே ஆகாமியமாய் ஏறுவன. ஆறு பெருகி வருதல் உழவன் செயலன்று. வந்த நீரை எவ்வயலுக்குத் திருப்புவதென மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவன் செயல். அஞ்சலட்டையும், தேர்வும், வீட்டுவேலையும் ஒரே காலத்து எம்முன் வந்து கூடினமை ஊழாயிருக்கலாம். மெய் எழுதுவதா பொய் எழுதுவதா என்பது எழுதுகோலைப் பிடித்த எம் கையில் இருந்தது. வர இயலாது என்று மெய்யே எழுதியிருப்பின், அவர் மூன்று திங்கள் எம்மை எதிர்நோக்கியிரார். தம்மை நாடிய வேறொருவர்க்கேனும் அந்நூலைச் சொல்லியிருப்பார். ஆகலின், பாடம் இழந்தமைக்கு இரங்குதல் பயன்பற்றிய இரக்கம். பொய்யெழுதினமைக்கு இரங்குதல் செயல்பற்றிய இரக்கம். முன்னையது இருவினையொப்பிற்கு மாறானது. பேறிழவுகளிற் கிடந்து உழலச் செய்வது. பின்னையது உயிர் தன் நிலையை அறிதற்கு வாயிலாவது.

இவ்வேறுபாட்டினை மனத்திற்கொண்டு மீண்டும் நம்பிகள்பாற் செல்வோம். ஒற்றியூரில் வாழ்ந்திருந்த நாளில் இளவேனில் வந்தது. ஆரூரில் நிகழும் வசந்தவிழாவினை நினைந்தார். ஆரூர்ப் பெருமானை மறந்திருத்தல் ஆற்றாராயினார். ஒற்றியூரை நீங்கி எல்லை கடந்த அளவில் இருகண்ணும் ஒளி இழந்தார். இஃது எதனால் வந்தது என்பதில் அவர்க்கு ஐயம் எழவில்லை. சூள் தவறியதன் பயன் இது என உடனே உணர்ந்தார். மகிழின்கீழ் இறைவனை அமர்த்தியது தாமே என்பதனையும் மறந்திலர். இஃது அவர் இரக்கத்தின் முதல் இயல்பு: செய்ததனைச் செய்ததாகவே கொண்டமை.

இரண்டாவது, அவர் ஓரிடத்து அமர்ந்து அழுதுகொண்டிருந்திலர். கண்ணின்றியே நடந்தார். ஒற்றியூர்க்கும் திருவாரூர்க்கும் இடையே நேர்வழியே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். உடன்வந்தோர் வழிகாட்ட, தலந்தோறும் பதிகம் பாடிக்கொண்டு, திருமுல்லைவாயிலுக்கும் திருவெண்பாக்கத்திற்கும் திருவாலங்காட்டிற்கும் காஞ்சிக்கும் சென்றார். மூன்றாவது, இறைவனோடு ஊடினார், வாதிட்டார், ஆயினும் அவனை விட்டு நீங்கினாரில்லர். வெண்பாக்கத்திற் கண் வேண்டினார்க்கு இறைவன் அளித்தது ஊன்றுகோல் ஒன்றே. வேண்டியது வேறு, கிடைத்தது வேறாயினும், கிடைத்ததனை ஊன்றிக்கொண்டு மேலும் நடந்தார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். ஆரூரை அடைந்து திருக்கோயிலிற் புகுந்த பின்னரே வலக்கண் கிடைத்தது.

நான்காவதாக ஒன்றுண்டு. கண் பெற்ற அளவில் யாவும் முடிந்துவிடவில்லை. பரவையாரின் ஊடல் எதிரே நின்றது. இறைவனே நள்ளிரவில் இருமுறை தூது நடக்கவேண்டியதாயிற்று. முதன்முறை பரவையார் மறுத்துவிட்டார். இறைவன் மன்னித்தான் என்பதனால், நம்மால் வருந்தியவர் வருத்தம் தானே தீர்ந்துபோவதில்லை என்பதனை இதனினும் தெளிவாக யார் உணர்த்தவல்லார்! ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரையும் நாம் மறத்தலாகாது. நம்பிகட்கு இருகண்ணும் மீண்டன. ஒற்றியூர் மனையில் பிரிவு அவ்வாறே இருந்தது. நிறைவில், பரவையாரும் சங்கிலியாரும் தத்தம் பழைய வடிவோடு கயிலையில் அம்மையார் திருத்தொண்டினை எய்தினர் எனச் சேக்கிழார் முடிக்கின்றார். நம் தெரிவுகளால் வந்த எச்சம் சிலவற்றை நாமே தீர்த்தல் இயலாது. அவற்றை இறைவன்பால் ஒப்புவித்துப் பணி செய்திருத்தலே இயல்வது என்பதனை இம்முடிவு நமக்கு அறிவுறுத்துகின்றது.

ஒப்புவித்தல் என்றது வாளாவிருத்தலன்று. திருநாவுக்கரசர் இளமையில் வேறு நெறி சார்ந்து கழித்த காலத்தை எண்ணிப் பெரிதும் இரங்கியவர். அவ்விரக்கம் அவரை வீழ்த்தியதில்லை; திருவதிகையில் மீண்டநாள் தொட்டு அவர் கையில் உழவாரமாய் நின்று, முதுமைக்காலத்தும் திருவீதிகளிற் புல் செதுக்கியது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணியில் நிற்றலும், பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறும் அடியார் கூட்டமும் ஆலய வழிபாடும் முடிந்தநிலை பெற்றார்க்கு உரியனவாயினும், அந்நெறியில் அடியெடுத்து வைப்பார்க்கும் பற்றுக்கோடாவன. உண்மை இரக்கத்தை அறிதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. அது கைகளுக்கு ஒரு தொழிலைத் தரும். போலி இரக்கமோ கைகளைக் கட்டிவைத்து, நாவிற்கு மாத்திரம் வேலை தரும்.

எம் செய்தியைச் சொல்லி முடிக்கின்றோம். சில ஆண்டுகட்கு முன், ஆலையொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எம் வீட்டிற்கு வந்து, சிவஞானபோதம் பாடங்கேட்க விரும்புவதாகக் கூறினார். எமக்கு அப்பொழுது உடல்நலம் குறைந்திருந்தது; வேறு அலுவல்களும் இருந்தன. "தை பிறக்கட்டும், தம்பி; பார்க்கலாம்" என்றேம். அவரும், "சரிங்க ஐயா" என்று வணங்கிப் படியிறங்கிச் சென்றார். அவர் தெருமுனையை அடைதற்குள் எம் செவியில் எம் சொல் விழுந்தது. முன்னொரு நாள் அஞ்சலட்டையில் எழுதிய அதே சொல்! யாம் தெருவில் இறங்கி அவரைக் கூவி அழைத்தேம். அன்று மாலையே திண்ணையில் முதற் சூத்திரம் தொடங்கிற்று.

அவர் மெல்லக் கற்பவர்; வாரத்தில் ஒருநாளே வர இயலும். பலவிடங்களில் அவர் எழுப்பும் வினாக்கட்கு மாபாடியத்தில் விடை இருக்கும். யாம் பின்னர் அந்நூலைத் தனியே பயின்றேம் எனினும், ஆசிரியர் வாய்ப்படக் கேளாத குறை அவ்விடங்களில் எம்மைத் தடுத்துநிறுத்தும். அப்பொழுதெல்லாம், "இது யாம் கேட்டிருக்கவேண்டியது, கேளாது விட்டேம்" என்று ஒளியாது சொல்லிவிடுகின்றோம். முன்னாளில் அவ்வெண்ணம் எம்மை உறங்கவிடாது. இப்பொழுது அதனைச் சொல்லிய பின்னர் அடுத்த சூத்திரத்திற்குச் செல்ல முடிகின்றது. எமக்குக் கிடைத்துள்ளது காஞ்சியிற் கிடைத்த ஒரு கண் போல்வதே. ஒரு கண்ணைக்கொண்டே ஆரூர் வரையில் நடந்தவர் வழியில் நாமும் செல்கின்றோம் என்னும் எண்ணம் துணை நிற்கின்றது.

ஆதலின், அன்பர்களே, அவா எழும்பொழுது அதன் விலையைக் கேட்டறிவோம். வாக்களிக்கும்பொழுது, சாட்சியாய் நிற்பவன் மகிழின்கீழும் உளன் என நினைவோம். தவறியவிடத்து, இழந்த பயனை எண்ணி ஏங்காது, செய்த பிழையை ஒப்புக்கொண்டு, கையிற் கிடைத்த ஊன்றுகோலை ஊன்றி நடப்போம். வருந்தச் செய்தோர் முன் சென்று தலைவணங்குவோம். நம்மால் தீர்க்கவியலாது எஞ்சியவற்றை, பரவையார் மனைக்குத் தூது நடந்த பெருமான் திருவடிக்கண் வைத்து, இன்று நம் வாயிலில் வந்து நிற்கும் பணியினை இன்றே தொடங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்